பொட்டலத்தைப் பிரித்துப் படிப்போம்

மாலை நாலு மணி. இஞ்சி தட்டிப் போட்ட தேநீரை இரண்டு டம்ளரில் ஊற்றி வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பதைத் தொடும் வயது. டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். செய்தித்தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு கறுப்புக் கவர்.

"அக்கா, இதை எப்படி வைக்கணும்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. மெடிக்கல்ல சின்னப் பையன்தான் நின்னான். வெள்ளைப்படுதுன்னு மட்டும் சொன்னேன். சுத்திக் குடுத்துட்டான்."

இருபது வருடத்துக்கு மேல் மருந்துக்கடையில் மருந்தாளுநராக நின்றவள் நான். நாப்கினையும் இந்த மருந்தையும் இப்படித்தான் சுற்றித் தருவார்கள். அந்தத் தாள் வாங்குகிறவளின் கூச்சத்தை மறைப்பதோடு நிற்பதில்லை. மருந்தின் பெயர், அளவு, எச்சரிக்கை எல்லாவற்றையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. "பிரிம்மா, ரெண்டு பேரும் சேர்ந்து படிக்கலாம்" என்றேன்.

உள்ளே ஆறு மாத்திரைகள் கொண்ட ஒரு பட்டை. தனியாக ஒரே ஒரு மாத்திரை. "இன்னொன்னும் இருக்குக்கா. அவருக்குப் படர்தாமரைக்கு வாங்கின டியூப் வீட்டுல கிடந்துச்சு. மூணு நாளா அதைத்தான் தடவிக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு களிம்பையும் எடுத்து வைத்தாள். மேசைமேல் மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று அவளுக்கு வேண்டியது, ஒன்று வேண்டாதது, ஒன்று தொடவே கூடாதது. அன்று அவளிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் நோயின் பெயர்

வெள்ளைப்படுதல் என்பது நோயின் பெயர் அல்ல. மாதவிடாய் முடிந்து சில நாளில், கருமுட்டை வெளிவரும் சமயத்தில், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக வருவது உடலின் இயல்பு. கர்ப்ப காலத்தில் இது இன்னும் கூடும். எலும்பு உருகி வெளியேறுகிறது, உடம்புச் சூடுதான் இப்படி இறங்குகிறது என்றெல்லாம் வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். எலும்பும் உருகவில்லை, சூடும் இறங்கவில்லை. அரிப்பும் எரிச்சலும் வாடையும் இல்லாத வெள்ளைக்கு மருந்தே தேவையில்லை.

பூஞ்சைத் தொற்றுக்குத் தனி அடையாளம் உண்டு. அதனால் கேட்டேன்: "அரிக்குதா?"

"ராத்திரி தூங்க முடியலக்கா."

"எப்படி வருது?"

"திரிஞ்ச பால் மாதிரி கட்டி கட்டியா."

"வாடை?"

"இல்லை."

கடும் அரிப்பு, சிவந்த தோல், சிறுநீர் படும்போது எரிச்சல், திரிந்த பால் போன்ற கெட்டியான வெள்ளை. பெரும்பாலும் வாடை இருக்காது. பூஞ்சைத் தொற்று பொதுவாக இப்படித்தான் இருக்கும். சாம்பல் நிறத்தில் நீர்த்து, மீன் வாடை அடித்தால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கலாம். மஞ்சள் அல்லது பச்சை நிறத்தில் நுரைத்து வந்தால், உடலுறவு வழியே பரவும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டையும் பூஞ்சை மருந்து குணமாக்காது. அரிப்பை அடக்கிக்கொண்டு நாள்களைத்தான் வீணாக்கும்.

நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 2002ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. தங்களுக்குப் பூஞ்சைத் தொற்றுதான் என்று தாங்களே முடிவுசெய்து கடையில் மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்தார்கள். வேறெதுவும் கலவாமல் பூஞ்சைத் தொற்று மட்டும் இருந்தது ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களில் சிலருக்குப் பாக்டீரியா, சிலருக்கு இரண்டும் கலந்து, சிலருக்கு நோயே இல்லை.

ஆகவே முதல் முறை வரும்போது மருத்துவர் பார்த்தே தீரவேண்டும். அவர் ஒருமுறை பெயர் சொல்லி, அதே அறிகுறிகள் அப்படியே திரும்பி வந்தால், அடுத்த முறை கடை மருந்தை நம்பலாம். இந்தப் பெண்ணுக்கு இரண்டு வருடம் முன்பு மகப்பேறு மருத்துவர் பார்த்து, பூஞ்சைத் தொற்று என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார். இப்போதும் அதேதான். போன வாரம் பல் பிடுங்கி, ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருக்கிறாள். காரணமும் கிடைத்துவிட்டது.

வெள்ளையின் மேல் வெள்ளை

இதை உண்டாக்குவது கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. கேண்டிடா, ஆல்பிகன்ஸ் இரண்டுமே லத்தீனில் வெண்மையைக் குறிக்கும் சொற்கள். வெளியிலிருந்து வந்து தாக்கும் கிருமி அல்ல இது. வாய், குடல், பிறப்புறுப்பு எனப் பலருடைய உடம்பிலும் சத்தமில்லாமல் குடியிருப்பது. பிறப்புறுப்பின் உள்ளே வாழும் லாக்டோபேசிலஸ் என்ற நல்ல பாக்டீரியா, தயிரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களின் உறவு. அது அங்கே அமிலத்தைச் சுரந்து, பூஞ்சை பெருகாமல் காவல் காக்கிறது. ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பல் கிருமியோடு இந்தக் காவலும் சாகிறது. பூஞ்சை பெருகிவிடுகிறது. கர்ப்பமும், கட்டுப்படாத சர்க்கரையும், எதிர்ப்புச் சக்தி குறைவதும் இதற்கு இடம் கொடுக்கும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வருகிற தொல்லை இது. ஒழுக்கத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பால்வினை நோய் என்றும் கொள்வதில்லை. கணவருக்கு அரிப்போ சிவப்போ இல்லையென்றால் அவருக்கு மருந்து வேண்டாம்.

ஆறு இரவு மாத்திரை

பட்டையைத் திருப்பிக் காட்டினேன். குளோட்ரிமசோல் 100 மி.கி. என்று இருந்தது. இதுதான் அவளுக்கு வேண்டிய மருந்து. பூஞ்சையின் மேலுறைக்குக் கட்டுமானச் சரக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு. அதைச் செய்யவிடாமல் குளோட்ரிமசோல் தடுக்கிறது. உறை பலவீனமாகிப் பூஞ்சை அழிகிறது. மனிதச் செல்லின் உறையில் இருப்பது கொலஸ்டிரால் என்பதால் நமக்குப் பாதிப்பு மிகக் குறைவு. உள்ளே வைக்கும்போது இரத்தத்தில் கலப்பதும் சிறிதளவே.

இதை உள்ளேதான் வைக்க வேண்டும். சிரிக்காதீர்கள். இதை வாயில் போட்டு விழுங்கிவிட்டு, "ஆறு நாள் சாப்பிட்டும் கேக்கலையே" என்று என் கவுன்டருக்கு வந்த அம்மாக்கள் உண்டு. குற்றம் அவர்களுடையது அல்ல. யாரும் சொல்லாமல் தாளில் சுற்றிக் கொடுத்தவர்களுடையது.

இரவு படுக்கப் போகும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, விரலாலோ பெட்டியோடு வரும் குழலாலோ முடிந்தவரை உள்ளே தள்ளி வையுங்கள். வைத்த பின் எழுந்து நடமாடாமல் அப்படியே தூங்கிவிடுங்கள். காலையில் வெள்ளையாகச் சிறிது கசிந்து வரும். அது மருந்தின் மிச்சம், பயப்பட வேண்டாம். மெல்லிய நாப்கின் போதும், டாம்பன் வைக்கக் கூடாது. மாதவிடாய் நாளில் தொடங்கினால் மருந்து இரத்தத்தோடு வெளியேறிவிடும். அது முடியட்டும் என்று பொறுங்கள்.

100 மி.கி. என்றால் ஆறு இரவு. 200 மி.கி. என்றால் மூன்று. 500 மி.கி. என்றால் ஒரே இரவு. எது உங்கள் கையில் இருக்கிறது என்று பட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் அரிப்பு அடங்கத் தொடங்கும். அடங்கிவிட்டதே என்று மீதியைப் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். ஆறும் முடிய வேண்டும். ஆணுறை பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த மருந்து லேடெக்ஸ் ரப்பரைப் பலவீனப்படுத்தலாம். மருந்து முடிந்து சில நாள்வரை உறவைத் தவிர்ப்பதே நல்லது.

முதல் நாள் லேசான எரிச்சல் இருக்கலாம். தாங்க முடியாத எரிச்சலோ வீக்கமோ தடிப்போ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். அந்த மருந்து உங்களுக்கு ஒவ்வவில்லை.

தொடவே கூடாத டியூப்

படர்தாமரை டியூபைக் கையில் எடுத்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தேன்: மைக்கோனசோல், நியோமைசின், குளோபெட்டசால்.

முதலாவது பூஞ்சை மருந்து. இரண்டாவது பாக்டீரியா மருந்து. மூன்றாவதுதான் ஆபத்து. குளோபெட்டசால் மிக வீரியமான ஸ்டீராய்டு. பலருக்குத் தடவிய மறுநாளே அரிப்பும் சிவப்பும் மாயமாய் மறையும். நோய் போனதால் அல்ல, உடம்பின் எதிர்ப்பை ஸ்டீராய்டு அடக்கிவிட்டதால். எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை நிம்மதியாக வளரும். தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து, சுருங்கி, கோடு கோடாக வெடிக்கும். அந்தரங்க உறுப்பின் தோல் மெல்லியது, மருந்தை அதிகம் உறிஞ்சுவது. பாதிப்பும் அங்கே சீக்கிரம் வரும்.

இந்தியா முழுவதும் படர்தாமரை மருந்துக்கு அடங்காமல் பரவியதற்கு இத்தகைய கலவைக் களிம்புகளையும் ஒரு காரணமாகத் தோல் மருத்துவர்கள் பல வருடமாகச் சொல்லிவருகிறார்கள். 2018ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கும் பட்டியலில் சேர்த்தது. அப்படியும் அவை வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கின்றன.

நினைவில் வைக்க எளிய விதி ஒன்று உண்டு. வெளித்தோலுக்குக் களிம்பு வேண்டுமென்றால், பெயர்ப் பட்டியலில் ஒரே ஒரு மருந்து மட்டும் இருக்க வேண்டும். குளோட்ரிமசோல் 1 சதவீதம் போதும். பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், குளோபெட்டசால் என்ற சொல் கண்ணில் பட்டால் அது உங்களுக்கானதல்ல. மூன்று நாள்தான் தடவியிருக்கிறாள் என்பதால் உடனே நிறுத்தச் சொன்னேன். வாரக்கணக்கில் தடவியவர்கள் தாமாக எதையும் முடிவுசெய்யாமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஒற்றை மாத்திரை

மீதமிருந்தது ஃப்ளூகோனசோல் 150 மி.கி. ஒரே ஒரு மாத்திரை, ஒரே ஒரு வேளை. விழுங்கினால் போதும் என்பதால் பலருக்கு இதுதான் பிடிக்கும். நல்ல மருந்துதான். உள்ளே வைக்கும் மாத்திரை எவ்வளவு குணம் தருமோ ஏறத்தாழ அதே அளவு இதுவும் தரும். எனவே சாதாரணத் தொற்றுக்கு இரண்டில் ஒன்று போதும்.

ஆனால் இது இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும் மருந்து. நம் நாட்டில் மருத்துவர் சீட்டுக்கு விற்க வேண்டியது. பிரிட்டனில் சீட்டில்லாமல் வாங்க முடியும். அங்கேயும் வயது 16 முதல் 60க்குள் இருக்கிறதா, கர்ப்பமா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருந்தாளுநர் கேட்ட பிறகே கையில் தருவார்.

அந்தக் கேள்வியை நானும் கேட்டேன். "நாள் தள்ளிப் போயிருக்கா?"

டம்ளரைக் கீழே வைத்தாள். "ஒரு வாரம் ஆச்சுக்கா. எனக்கு அப்பப்போ தள்ளித்தான் போகும்."

"அப்ப இன்னிக்கு எதையும் போடாதே. காலையில டெஸ்ட் பண்ணிப் பாரு. ரெண்டு கோடு வந்தா டாக்டர்கிட்ட போ. ஒரு கோடு வந்தா ராத்திரி அந்த ஆறை ஆரம்பி. இந்த ஒத்தை மாத்திரை எப்படியும் வேணாம்."

கர்ப்பிணிகள் ஃப்ளூகோனசோல் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். கர்ப்பத்தில் இதை விழுங்கிய பெண்களிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக 2016ல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்று சொன்னது. கர்ப்ப காலத்தில் உள்ளே வைக்கும் குளோட்ரிமசோலைத்தான் மருத்துவர்கள் தருவார்கள், அதையும் ஏழு நாள் போலக் கூடுதலாக. எந்த அளவு, குழலைப் பயன்படுத்தலாமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மற்ற மாத்திரைகளோடும் ஃப்ளூகோனசோல் மோதும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இரத்தக் கசிவை உண்டாக்கலாம். சர்க்கரைக்குக் கிளிமிப்பிரைடு சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழலாம். வலிப்புக்கு ஃபெனிடாயின், கொழுப்புக்கு ஸ்டாட்டின் வகை மாத்திரைகள், இதயத்துடிப்புக் கோளாறுக்கான மருந்துகள் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

இன்னொன்று. ஃப்ளூகோனசோலோடு இரண்டு ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து ஒரே அட்டையில் விற்கிறார்கள். எல்லா வெள்ளைப்படுதலுக்கும் இதுவே மருந்து என்று நினைத்து வாங்குகிறவர்கள் நிறைய. ஆன்டிபயாடிக்கால் வந்த பூஞ்சைக்கு மேலும் ஆன்டிபயாடிக் போட்டால் எங்கே போய் முடியும்? மருத்துவர் பரிசோதித்து எழுதினாலொழிய அந்த அட்டையை வாங்காதீர்கள்.

யார் கடைக்குப் போகக் கூடாது

முதல் முறை வந்தவர்கள், கர்ப்பிணிகள், 16 வயதுக்குக் குறைந்த பெண் பிள்ளைகள், 60 தாண்டியவர்கள் கடை மருந்தைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மாதவிடாய் நின்ற பின் பூஞ்சைத் தொற்று அவ்வளவாக வருவதில்லை. அந்த வயதில் வரும் வெள்ளைக்கும் அரிப்புக்கும், முக்கியமாக இரத்தக் கறைக்கும், வேறு காரணம் தேட வேண்டியிருக்கும். காய்ச்சல், அடிவயிற்று வலி, நாற்றம், கொப்புளம், புண், மாதவிடாய் இல்லாத நாளில் இரத்தம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவர்தான். மருந்து போட்டு ஏழு நாளில் குணமாகாவிட்டாலும் அப்படியே.

ஆறு மாதத்துக்குள் இரண்டு முறைக்கு மேல் வந்தால் இன்னொரு பட்டை வாங்குவது வழியல்ல. அது கேண்டிடாவின் வேறு வகையாக இருக்கலாம். கிளாப்ராட்டா என்ற வகைக்கு இந்த மருந்துகள் சரியாகக் கேட்பதில்லை. நம் ஊரில் அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது சர்க்கரை. தனக்குச் சர்க்கரை இருப்பதையே இந்த அரிப்பின் மூலம் தெரிந்துகொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர்கள், தங்கள் சீட்டில் டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை அதிகச் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. சர்க்கரை படும் இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஆண்களுக்கும் இதனால் அரிப்பு வரும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்துகள் என்பதால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் அரிப்பைச் சொல்லுங்கள். சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

கழுவுவது பற்றி

கிருமிநாசினி, எலுமிச்சைச் சாறு, மஞ்சள் நீர், வாசனைத் திரவம் எதையும் உள்ளே விட்டுக் கழுவாதீர்கள். பூண்டும் தயிரும் சமையலறையிலேயே இருக்கட்டும். பிறப்புறுப்பின் உட்புறம் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். நாம் கழுவினால் காவல் பாக்டீரியாதான் போகும். வெளிப்புறத்துக்குத் தண்ணீர் போதும். பருத்தி உள்ளாடையை நன்றாக வெயிலில் காயவைத்து அணியுங்கள். ஒட்டிப் பிடிக்கும் லெக்கிங்ஸைக் குணமாகும்வரை ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, பூஞ்சை மருந்துகளின் கதை. இதே கேண்டிடா பூஞ்சை கைக்குழந்தையின் நாக்கில் வெள்ளையாகப் படரும். முன்பெல்லாம் அதற்கு ஜென்ஷியன் வயலட் என்ற ஊதா மருந்தைத் தடவுவார்கள், பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பூஞ்சையைக் குறிவைத்து அழிக்கும், மனிதருக்குப் பாதுகாப்பான முதல் மருந்து 1950ல் அறிவிக்கப்பட்டது. கண்டுபிடித்தவர்கள் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள். நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் வேலை பார்த்த அவர்களில் ஒருவர் நியூயார்க் நகரத்தில், மற்றவர் ஆல்பனியில். மண்ணிலிருந்து வளர்த்த நுண்ணுயிர்களைத் தபாலில் அனுப்பி அனுப்பி ஆராய்ந்து நிஸ்டாடினைக் கண்டுபிடித்தார்கள். மாநிலத்தின் பெயரையே அதற்கு வைத்து, கிடைத்த உரிமத் தொகையை அறிவியல் ஆய்வுக்கே கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த மருந்தின் வழியில் வந்தவற்றைத்தான் நாம் கறுப்புக் கவரில் ஒளித்து எடுத்துவருகிறோம்.

மறுநாள் காலை அவள் வந்து "ஒரு கோடுதான்க்கா" என்றாள். அன்றிரவு தொடங்கினாள். மூன்றாம் நாள் தூங்கினாள். ஆறு இரவையும் முடித்தாள். ஒற்றை மாத்திரையைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள். படர்தாமரை டியூபோடு கணவரும் தோல் மருத்துவரிடம் போய்வந்தார்.

மருந்து எளியது. பெயர் சரியாகத் தெரிந்தால் ஆறு நாளில் தீர்ந்துவிடும். தவறாகப் போவதெல்லாம் சொல்லாமல் வாங்குவதிலும் கேட்காமல் கொடுப்பதிலும்தான். கடையில் நான்கு விஷயங்களைச் சொல்லுங்கள்: என்ன அறிகுறி, இதற்கு முன் மருத்துவர் பார்த்தாரா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள். பேசக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணை அழைத்தும் மருத்துவ ஆலோசனை கேட்கலாம். மருந்துக்கடையில் நிற்கும் தம்பி தங்கைகளே, சுற்றிக் கொடுக்கும் முன் இந்த நான்கையும் மெதுவான குரலில் நீங்களே கேட்டுவிடுங்கள்.

பொட்டலம் வீடுவரை வர வேண்டாம். கடையிலேயே பிரித்துப் படியுங்கள். புரியாததை அங்கேயே கேளுங்கள்.